'தம்பி'யில் இருக்கும் ஒலி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆரம்ப வகுப்புகளுக்கான ஆங்கிலப் பயிற்சி நூல்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படம், வண்ணம், தாளின் தரம் எல்லாம் பேசியவர், நம் பிள்ளைகள் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்பதைத் தொடவே இல்லை. 31 வருஷம் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தவள் என்பதால் எழுதுகிறேன்.

ஆங்கிலத்தின் இரண்டாவது எழுத்துக்கும் பதினாறாவது எழுத்துக்கும் தமிழில் 'பி' என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. இந்தக் கடிதத்திலேயே என்னால் பிரித்துக் காட்ட முடியவில்லை, பாருங்கள். கரடியும் 'பேர்', பேரிக்காயும் 'பேர்'. குண்டூசியும் குப்பைத்தொட்டியும் 'பின்'. பஸ் ஸ்டாண்டில் விற்கும் புத்தகங்களில் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் கீழே உச்சரிப்பைத் தமிழில் போட்டிருப்பார்கள். அதைப் படிக்கிற பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆனால் அந்த இரண்டாவது எழுத்தின் ஒலி பிள்ளையிடம் இல்லாமல் இல்லை. 'பல்' என்று சொல்லிவிட்டு 'தம்பி' என்று சொல்லிப் பாருங்கள். தம்பியில் வருவது வேறு ஒலி. கல்லில் வருகிற 'க' வேறு, தங்கத்தில் வருவது வேறு. எங்கே எது என்று யாரும் சொல்லித் தரவில்லை. வாய்க்குத் தானாகத் தெரிகிறது. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி அட்டை செய்வேன். ஒரு பக்கம் தம்பி, மறுபக்கம் பஸ். "'தம்' மனசுக்குள்ளே, 'பி' மட்டும் சத்தமாக" என்பேன். அப்புறம் அட்டையைத் திருப்பினால் பஸ் சரியாக வந்துவிடும். இரண்டாம் நாளே ஒரு பெண், "டீச்சர், கம்பும் இதேதான்!" என்றாள்.

மாறாக, ஃபேனில் வரும் முதல் ஒலி நம் வாய்க்குப் புதிது. "பேன் ஓடுது டீச்சர்" என்று ஒருவன் சொல்ல, வகுப்பே தலையைச் சொறிந்து சிரித்திருக்கிறது. கீழுதட்டை மேல்பல்லில் வைத்து நிதானமாகப் பழக்க வேண்டிய ஒலி அது. பல நூல்களில் அதற்கும் ஒரு பக்கம், சுலபமான 'எம்'முக்கும் ஒரு பக்கம். 26 எழுத்துக்கு 26 பக்கம் என்று பங்கு பிரித்தால் எப்படி? ஆங்கில ஒலிகளோ ஏறத்தாழ 44.

'ஐ'க்கு ஐஸ்கிரீம் படம் போடுவதும் அப்படித்தான். அதில் கேட்பது எழுத்தின் பெயர். 'இங்க்', 'இன்' என்று படிக்கத் தேவையான ஒலி இட்லியில் இருக்கிறது. இட்லி இப்போது ஆக்ஸ்போர்டு அகராதியிலும் இருப்பதால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

'அவர் டாக்டர்' என்றால் தமிழில் வாக்கியம் முடிந்தது. நடுவில் 'இஸ்' எதற்கு என்று பிள்ளை கேட்பது நியாயம்தானே? அதைச் சொல்லாமலே கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்கிறார்கள்.

ஆரம்ப வகுப்புகளுக்காகத் தமிழக அரசு 2022இல் கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலை பார்த்துப் பயிற்சி பிரித்தது நல்ல காரியம். அதேபோல, தமிழ் வாய்க்கு எது சுலபம், எது கஷ்டம் என்று பார்த்தும் பாடத்தைப் பிரிக்கலாம்.

என் அட்டைகள் இன்னும் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. நூல் தயாரிக்கிறவர்கள் கேட்டால் தருகிறேன். தம்பி மட்டும் ஓரத்தில் கொஞ்சம் கிழிந்திருக்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
மன்னார்குடி