கையெழுத்துக்கு மட்டுமா பெற்றோர்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளித் திறப்பையொட்டித் தாங்கள் வெளியிட்ட சிறப்பிதழை, சீருடைத் துணிகள் மேசையில் குவிந்து கிடந்த வாரத்திலும், இரவு பதினொரு மணிக்கு மேல் உட்கார்ந்து முழுவதுமாகப் படித்தேன். அதில், "கூலி வேலைக்குச் செல்லும் பெற்றோர், பிள்ளையைப் பள்ளியில் சேர்த்ததோடு தம் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள்" என ஒரு வாக்கியம் இருந்தது. எழுதியவர் கல்வியாளர் என்று கட்டுரையின் அடியில் குறிப்பிட்டிருந்தீர்கள். குறிப்பிடாமல் இருந்திருந்தால் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் வேடசந்தூர் வட்டத்தில் தையல் கடை வைத்திருப்பவள். ஜூன் முதல் வாரத்தில் என் கடைக்கு வரும் தாய்மார்களில் பெரும்பாலோர் நூற்பாலைத் தொழிலாளர்கள். போன ஆண்டுப் பாவாடையின் மடிப்பைப் பிரித்து ஒன்றரை இஞ்சு இறக்கித் தரச் சொல்லிவிட்டு, நின்றபடியே பேசுவார்கள். மகன் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறான், வேகம் வரவில்லை. மகளுக்குக் கழித்தலில் கடன் வாங்குவது பிடிபடவில்லை. யாரிடம் போய்க் கேட்பது? கடமை முடிந்தது என்று இருப்பவர்களின் பேச்சா இது என்பதைத் தாங்களே சொல்லுங்கள்.

2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பெற்றோரை முறையாகக் கூட்டி, குழந்தையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றை எடுத்துச் சொல்வதை 24 ஆம் பிரிவில் ஆசிரியரின் கடமையாக வைத்திருக்கிறது என்பது தாங்கள் அறியாததல்ல. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோரும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களும் இருக்க வேண்டும் என்கிறது 21 ஆம் பிரிவு. முக்காலும் பாதியும் என் தொழிலில் நாள்தோறும் புழங்கும் கணக்குகள்தாம். 2024 ஆகஸ்டில் குழுக்கள் மறுபடி அமைக்கப்பட்டபோது, எங்கள் ஊர்ப் பள்ளியில் நானும் உறுப்பினரானேன். கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு நடக்கும். ஆலையில் பகல் ஷிப்டு முடியாத நேரம் அது. அரை நாள் கூலியை விட்டால்தான் வர முடியும். வராதவர்களின் வீட்டுக்கு மறு திங்களன்று பிள்ளையின் கையில் தீர்மானப் புத்தகம் வரும், கையெழுத்துக்காக. முக்கால் பங்கு இப்படியாக நிறைவேறுகிறது.

சென்ற ஆண்டு ஐந்தாம் வகுப்பில் இருந்த என் மகன் பின்னத்தில் தடுமாறினான். "வீட்டில் கவனிப்பதில்லை" என்று நோட்டில் சிவப்பு மையில் எழுதி அனுப்பினார்கள். நான் படித்தது எட்டாம் வகுப்பு வரைதான். அன்றிரவு இஞ்சு டேப்பை அவன் முன் விரித்தேன். ஓர் இஞ்சுக்கு எட்டு நூல், கால் இஞ்சுக்கு இரண்டு நூல், அரைக்கு நான்கு. காலும் அரையும் சேர்ந்தால் எவ்வளவு என்றேன். கோடுகளை விரலால் எண்ணி ஆறு நூல் என்றவன், சற்று யோசித்து, முக்கால் இஞ்சு என்றான். எட்டில் ஆறும் நான்கில் மூன்றும் ஒன்றே என்பதை அதற்குப் பிறகு அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் இதைச் சொல்லி, டேப்பை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வகுப்புக்கு வரட்டுமா என்று கேட்டேன். "நல்லதும்மா, கழிப்பறைக் கதவுக்கு நன்கொடை தருபவர் யாராவது தெரியுமா?" என்று பதில் வந்தது. கதவும் தேவைதான், மறுக்கவில்லை.

என் தந்தை கைநாட்டு. என் மதிப்பெண் அட்டையில் அவர் வைத்த பெருவிரல் ரேகையைக் கண்டு வகுப்பு சிரித்தபோது, ஆசிரியர் அடக்கவில்லை. பின்னர் மூத்த மகளைத் தனியார் பள்ளி ஒன்றில் சேர்க்கப் போனபோது, தாய் தந்தை இருவரும் பட்டதாரிகளா என்று கேட்டு, இல்லை என்றதும் விண்ணப்பத்தைத் திருப்பித் தந்தார்கள். சேர்க்கைக்காகப் பெற்றோரைச் சலித்தெடுக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 13 ஆம் பிரிவு சொல்கிறது. அதைப் பற்றித் தங்கள் சிறப்பிதழில் ஒரு வரியும் இல்லை. தனியார் பள்ளிகளின் விளம்பரங்கள் மட்டும் நான்கு பக்கம் இருந்தன.

அந்த வாக்கியத்துக்குத் திருத்தம் வெளியிடுமாறு நான் கேட்கவில்லை. கல்வி அலுவலர்கள் தங்கள் இதழைப் படிக்கிறார்கள் என்பதால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆண்டுத் தொடக்கத்தில் நடக்கும் முதல் பெற்றோர் கூட்டத்தை மட்டுமாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வைக்கலாகாதா என்று ஒரு பெட்டிச் செய்தி வெளியிடுங்கள். ஆசிரியர்களுக்கும் வீடு வாசல் உண்டு. ஆகவே மாதந்தோறும் கேட்கவில்லை.

என் பெயரை வெளியிட வேண்டாம். மகன் அதே பள்ளியில் இன்னும் மூன்றாண்டு படிக்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
வேடசந்தூர் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.