அட்வைஸ் ஒன்றா, இரண்டா?

தம்பிக்கு,

இங்கே சுங்கை சிப்புட்டில் நாலு நாளாக மழை. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா மகள் சாயங்காலம் என்னிடம்தான் ஆங்கிலம் படிக்கிறாள். இந்த வாரம் எண்ணக்கூடிய பெயர்ச்சொல், எண்ண முடியாத பெயர்ச்சொல். நாற்காலிக்கு எஸ் போடலாம், மேசைக்கும் போடலாம், இரண்டையும் சேர்த்து ஃபர்னிச்சர் என்றால் மட்டும் கூடாதாம், ஏன் தாத்தா என்கிறாள். மலாயில் இந்த எஸ் தொல்லையே கிடையாது, முட்டைக்கு பிஜி, பூனைக்கு ஏக்கோர் என்று ஒரு சொல்லை முன்னால் வைத்தால் முடிந்தது. நாமும் கடையில் பத்து முட்டை என்றுதான் கேட்கிறோம், பத்து முட்டைகள் என்றால் சிரிப்பார்கள். பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்? கடைசியில் தோட்டத்தை வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். ரப்பர் மரத்தை எண்ணலாம், பால் வடியும் மங்குக் கோப்பையை எண்ணலாம், பாலை எண்ண முடியுமா? ஸ்டோரில் நிறுக்கத்தான் வேண்டும், நான் எத்தனை வருஷம் நிறுத்து எழுதியவன். பத்து வாளி பால் என்றால் எஸ் வாளிக்குத்தான், பாலுக்கு இல்லை. சட்டென்று பிடித்துக்கொண்டாள். உன்னைப் போலவே.

மனி என்ற சொல்லும் அப்படித்தான். வெள்ளி நோட்டை எண்ணலாம், ஆனால் மனிக்கு மெனி வராது, மச்தான். பணத்துக்காக இதை எழுதுகிறேன் என்று நினைக்காதே, இந்த மாதம் அனுப்பாவிட்டாலும் ஒன்றும் இல்லை. ஜாப்பை எண்ணலாம், ஒர்க்கை எண்ண முடியாது. ஒரு ஜாப் போனால் இன்னொன்று. பொதுவாகச் சொல்கிறேன். லாரி ஓட்டும் மாமா மகன் ஜொகூரிலிருந்து வந்து ஏதோ சொன்னான், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நம் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நீ. கோயிலில் பார்க்கிற ஆளிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். அப்படிப்பட்டவன் மூன்று வாரமாக அம்மா போன் அடித்தால் எடுக்காமல், ஓகேப்பா என்று வாட்சாப்பில் அனுப்பினால் எப்படி? நியூஸ் என்ற சொல்லில் எஸ் இருந்தாலும் அது பன்மை இல்லையாம். உன்னிடமிருந்து ஒருமைகூட வரவில்லை. சரி விடு. நேரத்துக்குச் சாப்பிடு.

நேற்று பாடத்தில் அட்வைஸ் வந்தது. அதற்கும் எஸ் கிடையாது, எ பீஸ் ஆஃப் அட்வைஸ் என்றுதான் சொல்ல வேண்டுமாம். அதற்கு மேல் என்னால் சொல்லிக் கொடுக்க முடியவில்லை.

ஆறாம் ஆண்டில் அப்பாவைப் பற்றிய கட்டுரையில் மெனி அட்வைசஸ் என்று எழுதி அடி வாங்கினாயே. அதை முதல் நாள் ராத்திரி உனக்குச் சொல்லித் தந்ததே நான்தான். வாத்தியார் என்னைக் கூப்பிட்டு யார் இப்படிச் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டபோது நீ என் முகத்தைப் பார்த்தாய். நான், இவன் வீட்டில் படிப்பதே இல்லை சார் என்றேன். கணக்கு எழுதும் கிராணிக்கு இங்கிலீஷ் தெரியாது என்று தோட்டத்தில் பேசிவிடுவார்களே என்று பயம். வீட்டுக்கு வந்து நானும் ஒரு அடி வைத்தேன். நீ அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அப்புறம் ஒரு பாடமும் என்னிடம் கேட்டதில்லை, வேறு எதையும் கேட்டதில்லை.

உன் அறையில் கிடந்த மூட்டையை எல்லாம் எடுத்துவிட்டேன். எத்தனை பேக் கொண்டுவந்தாலும் வைக்கலாம். பஸ் எத்தனை மணிக்கு வந்தாலும் மோட்டார் சைக்கிள் எடுத்துக்கொண்டு வருகிறேன், அம்மாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

அப்பா