பெரியப்பாவுக்கு, அந்த 500 ரூபாய் விஷயமாக

பெரியப்பா,

சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் பண்ணிக்கறவங்க ஆட்டோ வாடகைக்காக ஊட்டிக்கு சைக்கிள் மிதிக்கப் போறேன், கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய் குடுங்கன்னு கேட்டதுக்கு, போன வாரம் விசேஷ வீட்டுப் பந்தியில எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னீங்க: "கிலோமீட்டருக்குப் பத்து ரூவாயா? 50 கிலோமீட்டருக்கு 500 ஆச்சு. இந்தா, புடி. நீ ஊட்டிக்கும் போவேண்டாம், ஒண்ணும் போவேண்டாம். ஊட்டுல படுத்துக்கோ." பாயசம் ஊத்த வந்த பையன்கூடச் சிரிச்சான். நானும் சிரிச்சேன். ராத்திரி தூக்கம்தான் வரலீங்க.

நீங்க கேட்டது ஞாயமான கேள்வி. நான் மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டிக்கு சைக்கிள் மிதிக்கறதுக்கும், டயாலிசிஸ்காரங்க ஆட்டோ வாடகைக்கும் என்ன சம்பந்தம்? மிதிச்சாத்தான் காசு வருமா?

விடியக்காலம் பெரியம்மாவோட மஞ்சச் சேலை ஞாபகம் வந்துச்சு.

அண்ணனுக்குக் காய்ச்சல் தெளியணும்னு வேண்டிக்கிட்டு, தைப்பூசத்துக்கு முன்னால பெரியம்மா மடிப்பிச்சை எடுத்தாங்க. எனக்கு அப்பப் பத்து வயசிருக்கும். கெணத்துப் பாசனத் தோட்டம், மாட்டுக் கொட்டாய், ஆளுக்காரங்க எல்லாம் இருந்த வீட்டு அம்மா, முந்தானையை ஏந்திட்டு வாசல் வாசலாப் போய் நின்னாங்க. ஒரு வீட்டுல ஒரு கை கம்பு. ஒரு வீட்டுல நாலணா. உண்டியல்ல போடற காசை உங்க மடியில இருந்தே எடுத்திருக்கலாம். "இந்தா காசு, நடக்காதே"ன்னு அன்னைக்கு ஊர்ல யாரும் சொல்லலீங்களே. அப்புறம் காங்கயத்துல இருந்து ரெண்டு பேரும் நடந்தீங்க. தாராபுரத்துல அமராவதியில குளிச்சு, பழனி போய்ச் சேர்றதுக்குள்ள உங்க குதிகால் ரெண்டும் வெடிச்சுப் போச்சு.

அந்த நாள்கள்ல நான் பார்த்தது ஒண்ணு சொல்றேன். ஒரு கை கம்பு போட்ட கிழவி எங்க வாசலுக்கு வந்து, "இந்நேரம் எதுவரைக்கும் போயிருப்பாங்க கண்ணு?"ன்னு கேட்டுட்டே இருந்துச்சு. பிச்சை போட்ட வீடெல்லாம் உங்க கூட நடந்துச்சு பெரியப்பா. சும்மா குடுத்த காசை யாரும் அப்படி விசாரிக்க மாட்டாங்க.

அரசு ஆஸ்பத்திரியில டயாலிசிஸ் இலவசம்தான். ஆனா வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை போகோணும், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். தொணைக்கு ஒருத்தர் வேணும். மாசத்துல பன்னெண்டு நாள் ரெண்டு பேரோட கூலி போயிரும். முடிச்சு வர்றப்ப கிறுகிறுன்னு வரும், டவுன் பஸ்ல தொங்கிட்டு வர முடியாது. காப்பீட்டு அட்டையில ஆட்டோ வாடகைக்கு இடமில்லீங்க. மலை ஏறறப்ப நான் பாட்டில் பாட்டிலாத் தண்ணி குடிப்பேன். அவங்களுக்கு அளந்துதான் தண்ணி.

கணக்கு கேப்பீங்கன்னு தெரியும், தேங்காக் களத்துல எனக்குக் கணக்கு எழுதச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானே. சைக்கிள் டயரு, ஊட்டியில இருந்து திரும்பற வண்டி வாடகை, என்னோட சாப்பாடு எல்லாம் என் கைக்காசு. வர்ற பணத்துல ஒரு ரூபாய் அதுக்குப் போகாது. (இப்படி வசூல் பண்ணின காசுலயே பனியன் அடிச்சுக்கறவங்களை நானும் பார்த்திருக்கேன்.) பணம் நேரா அறக்கட்டளைக்குப் போகுது, ரசீது வரும். நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை வேணும்னா மட்டும், 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமாக் குடுக்க வேண்டாம், பேங்க்ல போடுங்க.

மூணு மாசமாச் சிவன்மலை ரோட்டுல ஏறி ஏறி எறங்கறேன். முருகன் பக்தர் கனவுல வந்து சொல்ற பொருளை அங்க கோயில் உத்தரவுப் பெட்டியில வைப்பாங்கல்ல, கோயில்காரர் ஒருத்தர், "உத்தரவுப் பெட்டியில சைக்கிள் செயின் வைக்கச் சொல்லிக் கனவு ஏதும் வந்துச்சுங்களா?"ன்னு கேட்டாரு. சிவன்மலை எங்க, ஊட்டி எங்க! கல்லாறு தாண்டினதும் ஆரம்பிக்கற ஏத்தம், பர்லியார், குன்னூர், அருவங்காடுன்னு போயிட்டே இருக்கும். மொத்தம் 1,900 மீட்டர் ஒசரம். 46 வயசு ஒடம்பு, ஈசிஜி எடுத்துப் பார்த்துட்டேன். முடியலீன்னா எறங்கித் தள்ளுவேன். தள்ளினாலும் கிலோமீட்டர் கிலோமீட்டர்தானுங்க?

ஞாயித்துக்கிழமை வெள்ளென அஞ்சு மணிக்குக் கெளம்பறேன். பெரியம்மாகிட்டச் சொல்லீட்டேன், மணிக்கொரு தடவை போன் பண்ணி எதுவரைக்கும் வந்தேன்னு கேப்பாங்களாம்.

உங்க 500 ரூபாயை அன்னைக்கு நான் வாங்கலீங்க. நோட்டுல உங்க பேருக்கு நேரா எழுதி வெச்சிருக்கேன், வரவேண்டிய பாக்கின்னு.

உங்க தம்பி மவன்