வரி போடும் நாளிலேயே அதை எடுக்கும் வழியையும் எழுதுங்கள்

அமெரிக்க, சீன வர்த்தகப் பேச்சுக் குழுவினருக்கு,

வணக்கம். பதிலடி வரியே கூடாது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அடியைப் பேசாமல் வாங்கிக்கொள்ளும் நாட்டோடு பேரம் பேச யாரும் அவசரப்படப் போவதில்லை. அது எனக்கும் புரிகிறது. என் கவலை, வரியைப் போட்ட பிறகு அதிலிருந்து இறங்கும் வழியை நீங்கள் யோசிப்பதே இல்லை என்பதுதான்.

2018 ஜூலையில் அமெரிக்கா 3,400 கோடி டாலர் மதிப்புள்ள சீனச் சரக்குக்கு 25 சதவீத வரி போட்டது. சீனாவும் அதே அளவுக்குத் திருப்பிப் போட்டது, சோயாபீன்ஸையும் சேர்த்து. அரசியல் கணக்கு தெளிவானது: அமெரிக்க ஆளுங்கட்சிக்கு ஓட்டுள்ள விவசாய ஊர்களில் வலிக்க வேண்டும். வலித்தது. 2017-ல் சுமார் 1,200 கோடி டாலராக இருந்த, சீனாவுக்கான அமெரிக்க சோயாபீன்ஸ் ஏற்றுமதி மறு வருடமே 300 கோடி அளவுக்குச் சரிந்தது. வாஷிங்டன் தன் விவசாயிகளுக்கு இரண்டு ஆண்டுகளில் சுமார் 2,800 கோடி டாலர் நிவாரணம் அறிவித்தது. பணம் வந்தது, சரி. ஆனால் வாங்குபவர் பிரேசில் பக்கம் போய்விட்டாரே! அங்கே புதிதாக நிலம் திருத்தி விதைத்தவர், நீங்கள் கைகுலுக்கிவிட்டீர்கள் என்பதற்காக வயலைத் தரிசாகப் போடுவாரா?

அப்புறம் 2020 ஜனவரியில், இரண்டு ஆண்டுகளில் அமெரிக்காவிடம் கூடுதலாக 20,000 கோடி டாலருக்கு வாங்குவதாகச் சீனா கையெழுத்திட்டது. அந்த இலக்கு எட்டப்படவில்லை. 2025 அக்டோபரில் தென் கொரியாவின் பூசானில் மறுபடியும் ஒரு வாக்குறுதி: ஆண்டுக்கு 2.5 கோடி டன் சோயாபீன்ஸ். சண்டைக்கு முன், யாரும் கேட்காமலே சீனா வாங்கிக்கொண்டிருந்த அளவைவிட அது அதிகமில்லை. ஏழு ஆண்டு மல்லுக்கட்டில் கிடைத்தது இதுதானா?

2025 ஏப்ரலில் அமெரிக்கா 145 சதவீதம், சீனா 125 என்று வரியில் ஏறினீர்கள். மே மாதம் ஜெனீவாவில் 30, 10 என்று இறங்கினீர்கள். இடைப்பட்ட வாரங்களில் ஆர்டர் கொடுக்கவும் முடியாமல் ரத்து செய்யவும் முடியாமல் தவித்த சிறு வியாபாரிகளுக்கு உங்கள் மேசையில் நாற்காலி இல்லை. காந்தம் செய்யத் தேவையான அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்கு உரிமம் வேண்டும் என்று சீனா சொன்னபோது காந்தம் கிடைக்காமல் திண்டாடிய மூன்றாம் நாட்டுக் கார் ஆலைகளுக்கும் இல்லை.

ஒரு பழைய கதையை உங்கள் கோப்புகளிலேயே பார்க்கலாம். 1960-களின் தொடக்கத்தில் ஐரோப்பா அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரியை உயர்த்தியது. பதிலுக்கு அமெரிக்கா உருளைக்கிழங்கு மாவுக்கும் பிராந்திக்கும் சிறு லாரிகளுக்கும் வரி போட்டது. கோழிச் சண்டை எப்போதோ ஓய்ந்துவிட்டது. மற்ற வரிகளும் போயின. லாரிக்கான 25 சதவீத வரி மட்டும் அறுபது ஆண்டு தாண்டியும் நிற்கிறது. அதன் நிழலில் உள்நாட்டு லாரித் தொழில் வளர்ந்துவிட்டது, இனி அதில் கை வைக்க எந்த அரசுக்கும் துணிச்சல் வராது.

அதனால் கேட்கிறேன். அடுத்த முறை வரி அறிவிக்கும் ஆணையிலேயே மூன்று வாக்கியங்கள் சேருங்கள்: எதற்காக இந்த வரி, எதிர்த்தரப்பு என்ன செய்தால் எடுப்போம், எதுவும் நடக்காவிட்டாலும் எந்தத் தேதியில் இது தானாகக் காலாவதியாகும். வாங்கும் டன் கணக்கை ஒப்பந்தத்தில் எழுதுவதை விட்டு, வரி விகிதத்தை இத்தனை ஆண்டுக்கு மாற்றமாட்டோம் என்று எழுதுங்கள். ஒரு விவசாயி அடுத்த பருவத்துக்கு எதை விதைப்பது என்று முடிவெடுக்க அதுவாவது உதவும்.

இப்படிக்கு,
உங்கள் பேச்சுவார்த்தைகளைத் தொடர்ந்து கவனித்து வரும் ஒரு வாசகன்