மலைக்கு அழைத்துப்போன பிள்ளைகளுக்கு

அன்புப் பிள்ளைகளே,

உங்களுக்கு நன்றி சொல்ல வாட்ஸ்அப்பில் கைகூப்புகிற படம் ஒன்று அனுப்பினால் போதுமே என்றான் என் மகன். எனக்கு மனசு வரவில்லை.

அவர் போய் மூன்று வருடமாகிறது. சாயங்காலம் காய்கறிக்காரரிடம் விலை கேட்கும்போதுதான், அன்றைக்கு முதன்முதலாக வாய் திறக்கிறேன் என்பதே உறைக்கும். மாதம் ஒரு ஞாயிறு வயதானவர்களைப் பழைய இடங்களுக்குக் கூட்டிப்போகிறோம் என்று நீங்கள் வந்து நின்றபோது நான் கேட்டது ஒரே கேள்வி: அங்கே பாத்ரூம் இருக்கா? சிரிக்கவில்லை நீங்கள். முந்தின நாளே மதுரைக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் இருக்கிற கீழக்குயில்குடிக்குப் போய், ஒரு வீட்டில் சொல்லி வைத்துவிட்டு வந்தீர்கள். முதல் நன்றி அதற்குத்தான். கதவைத் திறந்துவிட்டு மோரும் கொடுத்த அந்த வீட்டுத் தங்கச்சிக்கும் சேர்த்து.

சமணர் மலைப் படிகளில் பத்துப் படிக்கு ஒருதரம் நீங்களே மூச்சு வாங்குகிற மாதிரி உட்கார்ந்துகொண்டீர்களே, எங்களுக்குத் தெரியாதா என்ன!

மலைமேல் சிலைகள் இருக்கிற பேச்சிப்பள்ளம் வரைக்கும் ஏறியது நாங்கள் ஆறு பேர்தான். பாறையில் வரிசையாகச் சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர்களின் சிலைகள், கீழே வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்து. எனக்கு அது கோழி கிளறின மாதிரிதான் தெரிந்தது. உங்களில் ஒரு பெண், கல்லைத் தொடாமல் விரலை ஓட்டிக்கொண்டே படித்தாள்: ‘அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி’. அச்சணந்தி சமணத் துறவி. மதுரையைச் சுற்றிப் பல மலைகளில் அவர் பெயர் இருக்கிறதாம். பிள்ளை துறவியாகிப் போய்விட்டான். அம்மா இங்கே சிலை செய்து வைத்திருக்கிறாள். கிட்டத்தட்ட 1,100 வருடம் கழித்தும் அவளுக்கு இன்னாருடைய அம்மா என்றே பேர். கனடாவில் மகனை வைத்திருக்கிற எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. பக்கத்தில் நின்ற ரிட்டயர்டு ரயில்வேக்காரர் கண்ணில் தூசி என்றார். சரி, தூசிதான்.

அப்புறம் அந்தப் பிரண்டை. வேனில் வரும்போது ஒரு வார்த்தை பேசாத அம்மா ஒருவர், கீழே இறங்கியதும் வேலியோரம் நின்றுவிட்டார். “இது என்ன செடி பாட்டி?” என்று ஒரு பையன் கேட்டதுதான் தாமதம். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டுதான் நறுக்க வேண்டும், இல்லாவிட்டால் அரித்தெடுத்துவிடும், புளி கொஞ்சம் தாராளமாக வைக்க வேண்டும் என்று ஆரம்பித்தவர், தாமரைக் குளத்தங்கரையில் தூக்குவாளியைத் திறந்து சாப்பிடும் வரைக்கும் நிறுத்தவில்லை. நீங்கள் நோட்டில் எழுதிக்கொண்டீர்கள். எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எங்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள யார் இருக்கிறார்கள்? இப்போது அந்த அம்மாவும் நானும் தினமும் ராத்திரி எட்டு மணிக்குப் போனில் பேசிக்கொள்கிறோம்.

மூன்று மணி நேரம் காத்திருந்தும் முகம் சுளிக்காத வேன் தம்பிக்கும் என் நன்றி.

அடுத்த மாதம் அரிட்டாபட்டி என்றீர்கள். 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்த ஊர், வல்லூறு பார்க்கலாம் என்றும் சொன்னீர்கள். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டேன். அந்த மடக்கு நாற்காலிகளை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

அன்புடன்,
மூன்றாவது மாடிப் பாட்டி