அப்பம்மாவுக்கு வாசிக்கிற வீடு

திருகோணமலை
ஞாயிறு பின்னேரம்

அன்பின் மச்சான்,

சுகமா? இஞ்ச எல்லாரும் சுகம். என்ட மனிசிக்கு முழங்கால் குத்து, வழக்கம்போல. நீ கடைசியாக் கடிதம் எழுதினது எப்ப எண்டு உனக்கே ஞாபகம் இராது. வாட்ஸ்அப்பில பெருவிரலைத் தூக்கிக் காட்டுறதும் கடிதம்தான் எண்டு சோடா மாஸ்டருக்கு முன்னால சொல்லிப் பார். மனிசன் இண்டைக்கும் பத்திரகாளி கோயிலடியில கண்டா முதல்ல உன்னைத்தான் விசாரிக்கிறார். பக்கத்தில நிக்கிற என்னை விசாரிக்கிறதில்லை.

உன்னட்ட ஒரு விசயம் கேக்கவேணும். போனில கேக்க வாய் வருகுதில்லை. அதால சுத்தி வளைச்சுத்தான் வருவன், பொறுமையா வாசி.

அம்மாவுக்கு ரெண்டு கண்ணிலயும் கற்றரக்ட். ஒப்பரேசனுக்குத் திகதி தாறதும் தள்ளிப்போடுறதுமா இழுபடுது. அவவை உனக்குத் தெரியுந்தானே, வடை சுத்தி வந்த பேப்பரையும் விரிச்சு வாசிச்சுப்போட்டுத்தான் எறியிற ஆள். வாசிக்க ஏலாமப் போனதும் வீட்டில ஒருத்தரையும் நிம்மதியா இருக்க விடேல்லை. கடைசியில பிள்ளையளைப் பிடிச்சுக்கொண்டா. இரவில சாப்பிட முந்தி அப்பம்மாவுக்கு வாசிக்கவேணும், இல்லாட்டிச் சோறில்லை. மனிசியும் சமையலைக் கெதியா முடிச்சுப்போட்டு வந்து குந்துறாள். எனக்கும் வேற போக்கிடமில்லை.

பழக்கம் விழுந்தது 2022இல எண்டு வை. அந்த மார்ச் கடைசியில நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினாங்கள். டிவி இல்லை, போனில சார்ஜ் இல்லை, நுளம்பு மட்டும் குறைவில்லாம இருந்தது. மெழுகுதிரியைச் சுத்தி இருந்து அம்மா வாசிக்க நாங்கள் கேட்டம். இப்ப ஆள் மாறியிருக்கு, அவ்வளவுதான். அந்த வருசம் கடதாசி இல்லையெண்டு மேல்மாகாணப் பள்ளிக்கூடங்களில பரீட்சையையே தள்ளிவைச்சவங்கள். புதுப் புத்தகம் வாங்கிறதை நாங்கள் நினைச்சும் பாக்கேல்லை. நான் வேலை செய்யிற அரசாங்க அலுவலகத்தில, கச்சேரியில, கழிச்ச ஃபோர்ம்களைக் கட்டிக்கொண்டு வந்து குடுத்தன். பின்பக்கம் வெள்ளையாத்தானே கிடக்கு.

அந்தப் பின்பக்கத்திலதான் சின்னவள் தன்ட முதல் புத்தகத்தை எழுதினவள். கோட்டைக்குள்ள நிக்கிற புள்ளிமான் ஒண்டு கச்சேரிக்கு வந்து, "சனம் சோறு சுத்திற லஞ்ச் ஷீட்டைக் கண்டபாட்டுக்கு எறியுது, திண்டா வயித்துக்குத்து" எண்டு மனுக் குடுக்குது. கிளாக்கர் பெரிய ஃபைலைத் திறந்து, "நாளைக்கு வாங்கோ" எண்டுறார். கிளாக்கருக்கு என்ட மூக்கு, என்ட கண்ணாடி! அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினபோது அவ கேட்ட ஒரே கேள்வி, "மான் லஞ்சம் குடுத்துப் பாக்கேல்லையோ?"

மச்சான், அம்மா கதை கேக்கிற விதம் இருக்கே, அதை நீ பாக்கவேணும். சும்மா கேக்கமாட்டா. மீன்காரன்ட கதை எண்டா, "எந்த மாசம்? வாடைக் காத்தா, சோளகமா? அந்தக் காத்துக்கு இந்த மீன் படாதே" எண்டு மறிப்பா. பெரியவன் எரிச்சலில புத்தகத்தை மூடுவான். சின்னவள் பென்சிலை எடுத்து ஓரத்தில "அப்பம்மா சொன்னது" எண்டு எழுதிவைப்பாள். லைப்ரரிப் புத்தகத்தில எழுதி ஒருக்கால் குற்றமும் கட்டினனான்.

புத்தகத்துக்கு வழி கேக்கிறாய் எண்டா, இந்தியாவில பிரதம் புக்ஸ்காரர் நடத்திற ஸ்டோரிவீவர் எண்ட தளத்தைப் பார். தமிழ்க் கதைகள் படத்தோட சும்மா கிடக்கு. அச்சடிக்கலாம், பேரைப் போட்டுட்டு மாத்தி எழுதவும் அனுமதி இருக்கு. நான் கொம்யூனிகேஷன் கடையில பிரிண்ட் எடுத்து வீட்டில தைக்கிறன். தாளை நடுவால மடிச்சு, மடிப்பில மூண்டு ஓட்டை. ஊசி உள்ளுக்கிருந்து நடு ஓட்டையால வெளிய வரவேணும், மேல் ஓட்டையால உள்ளுக்குப் போய், கீழ் ஓட்டையால வெளிய வந்து, திரும்ப நடுவால உள்ளுக்கு. அதில முடிச்சு. தங்கூசியால, அதுதான் நைலோன் தூண்டில் நூலால, தைச்சா உறுதி எண்டு பெரியவன் நிண்டான். தைச்சுப் பாத்தம், முடிச்சு வழுக்கிக் கழண்டுபோச்சு. பஞ்சு நூலில மெழுகுதிரியைத் தேய்ச்சு இழுத்தாத்தான் சரி.

கலருக்கு வந்தா அது அம்மாவின்ட ராச்சியம். சின்னவள் மஞ்சளைக் கரைச்சு வெயில் கீறிக்கொண்டிருந்தாள். பெஸ்டல் பெட்டியில சிவப்பு முடிஞ்சுபோச்செண்டு அழுகை. அம்மா ஒண்டும் கதைக்கேல்லை. வெத்திலைத் தட்டத்தைத் தடவி, சுண்ணாம்பை விரல் நுனியில தொட்டு, கிண்ணத்துக்குள்ள விட்டுக் கலக்கினா. மஞ்சள் அப்பிடியே ரத்தச் சிவப்பாப் போச்சு. ஆலாத்தி எடுக்கேக்க நாங்கள் எத்தினை தரம் பாத்த சாமான், ஆனா அந்தப் பிள்ளையின்ட வாயை நீ பாத்திருக்கவேணும்! பிறகு வீட்டில மஞ்சள் போத்தல் மிஞ்சேல்லை. பீற்றூட்டையும் விட்டுவைக்கேல்லை. அது முதல் நாள் வடிவாத்தான் இருக்கும், பிறகு மங்கி மண்கலராப் போகும்.

நவாலியூர் சோமசுந்தரப் புலவரின்ட கத்தரித் தோட்டத்து வெருளிப் பாட்டு நாங்கள் பாடமாக்கினதுதானே. அதைக் கேட்டுட்டு என்ட பழைய கச்சேரிச் சேர்ட்டையும் காற்சட்டையையும் மாட்டி முத்தத்தில காகம் கலைக்க ஒரு வெருளி பொம்மை செய்தவங்கள். காகம் பயப்பிடேல்லை. விடியப்புறம் வந்த பால்காரன்தான் கும்பிட்டுட்டு நிண்டவன்.

இதெல்லாம் சந்தோசம். ஆனா சின்னவளுக்குப் புலமைப்பரிசில் சோதினை வருது. பக்கத்து வீட்டுப் பிள்ளை விடிய ஒரு ரியூசன், பின்னேரம் ஒரு ரியூசன், சனி ஞாயிறு பாஸ்ட் பேப்பர். "உங்கட மகள் இன்னும் படம் கீறிக்கொண்டோ இருக்கிறாள்?" எண்டு வேலிக்கு மேலால கேக்குதுகள். மனிசிக்கு அதோட நித்திரை போச்சு. நான் வீறாப்பாப் பேசிப்போட்டு, இரவில எழும்பி இருந்து வெட்டுப்புள்ளியைக் கணக்குப் பாக்கிறன். பத்து வயசுப் பிள்ளையைப் போட்டு இப்பிடிப் பிழியிறது அநியாயம் எண்டு எல்லாப் பெற்றோரும் சொல்லினம். சொல்லிப்போட்டு அதே வாயால அடுத்த ரியூசனுக்குக் காசு கட்டினம். நானும்தான்.

சரி, விசயத்துக்கு வாறன்.

போன மாசம் ஒரு இரவு, வாசிப்புக்கு நடுவில, தனக்கு முந்திப் புத்தகம் கொண்டுவந்து தாற பெடியனைப் பற்றி அம்மா சொல்லத் தொடங்கினா. உன்ட தம்பியைத்தான். சனிக்கிழமை லைப்ரரியால வரேக்க எங்கட வாசல் படலையில சைக்கிளைச் சாத்திப்போட்டு, அம்மாவுக்கெண்டு எடுத்த நாவலைக் குடுப்பான். அதை அவன் வழியிலயே வாசிச்சு முடிச்சிருப்பான். "மாமி, கடைசியில அந்த டொக்டர்தான் கள்ளன்" எண்டு சொல்லிப்போட்டு சைக்கிளில ஏறி ஓடுவான். அம்மா விளக்குமாத்தோட படலைமட்டும் கலைப்பா. சின்னவள் விழுந்து விழுந்து சிரிச்சாள். பிறகு, "அந்த மாமா இப்ப எங்க?" எண்டாள்.

அம்மா மறைக்கேல்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிப் போயா, நிலாவெளி, சுனாமி. எல்லாம் சொன்னா. நான் தடுக்கப் போனன், மனிசி கையைப் பிடிச்சாள்.

சின்னவள் அதைப் புத்தகமாச் செய்திருக்கிறாள். பேர் "முடிவைச் சொல்லுற மாமா". படலை இருக்கு, விளக்குமாறு இருக்கு, அம்மா நாக்கைக் கடிச்சுக்கொண்டு ஓடுறா. கடைசிக்கு முதல் தாள் ரெண்டு பக்கமும் கடல். அலைக்குள்ள செருப்பு, கதவு, சைக்கிள். பாக்க எனக்குக் கால் உதறிச்சு. கிழிச்சுப் போடவேணும் எண்டு மனிசி சொல்லுறாள். "அவனைப் பற்றிச் சொல்லிப்போட்டு அதைச் சொல்லாம விடுறது பொய்" எண்டு அம்மா நிக்கிறா. பெரியவன்தான் சரியாச் சொன்னவன்: "அந்த வீட்டு ஆக்களைக் கேட்டீங்களோ?"

என்ட எண்ணத்தைச் சொல்லிப்போடுறன். அந்தத் தாள் இருக்கவேணும். டிசம்பர் 26 காலமை ரெண்டு நிமிசம் எழும்பி நிக்கிறதோட இந்தப் பிள்ளையளுக்கு அது முடிஞ்சுபோகுது. அதே கடலிலதான் பின்னேரம் குளிக்குதுகள். ஆனா நான் யார் சொல்ல? அவன் உன்ட தம்பி. உங்கட அம்மா இருக்கிறா. ஒக்டோபர் வாசிப்பு மாதத்துக்குப் பள்ளிக்கூடத்தில வைக்கப்போறம், தாங்கோ எண்டு வகுப்பு ரீச்சர் கேட்டிட்டா. அங்க வைச்சா ஊரே பாக்கும். இன்னும் நான் ஓம் எண்டு சொல்லேல்லை.

போட்டோ எடுத்து இத்தோட வைச்சிருக்கிறன். முதல்ல நீ தனிய இருந்து பார். உங்கட அம்மாவுக்குக் காட்டுறதும் விடுறதும் உன்ட முடிவு. வேண்டாமெண்டா வேண்டாம் எண்டு ஒரு வரி எழுது, நான் ஏன் எண்டு கேக்கமாட்டன். சின்னவளுக்கு நானே சொல்லுறன், புத்தகம் எங்கட வீட்டுக்குள்ள இருக்கும். பேரை மட்டும் மாத்தவேணுமெண்டாலும் சொல்லு.

ஓம் எண்டா இன்னொண்டு. சைக்கிளுக்கு அவள் இன்னும் கலர் அடிக்கேல்லை. நான் பச்சை எண்டுறன், அம்மா நீலம் எண்டுறா, ரெண்டு பேரும் சண்டை. முன்னுக்குக் கூடை இருந்ததோ, பின்னுக்குக் கரியரில புத்தகத்தைக் கட்டினவனோ, அதையும் கேட்டு எழுதச் சொல்லுறாள். செப்டெம்பர் முடிய முந்தி அனுப்பு.

இப்படிக்கு,
படலையடிக்காரன்