எந்தக் கடல் என்று சொல்லுங்கள், ஆசிரியர்களே

தமிழ்ச் செய்தி சேனல்களின் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

2025 ஜூலை 30 காலை ஒரு சேனலில் ஓடிய சிவப்புப் பட்டையைப் பற்றித்தான் எழுதுகிறேன். எந்தச் சேனல் என்பது முக்கியமில்லை, உங்களில் யார் வேண்டுமானாலும் அதை ஓட்டியிருப்பீர்கள். ‘8.8 நிலநடுக்கம்... சுனாமி எச்சரிக்கை... கடலோர மக்கள் வெளியேற்றம்.’ எந்த நாடு, எந்தக் கடல் என்று பட்டையில் இல்லை. ரஷ்யாவின் கம்சட்கா என்று செய்தி வாசிப்பவர் சொன்னாராம். மிக்சி ஓடுகிற நேரத்தில் டிவி சத்தம் யாருக்குக் கேட்கும்? எழுத்துதான் கண்ணில் படும்.

எங்களுடையது நாகை மாவட்டத்துக் கடற்கரைக் கிராமம். ‘சுனாமி’ என்று எழுதிக் காட்டினால் இங்கே என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் அந்தப் பழைய காட்சிகளை எடுத்து ஓட்டுகிறவர்கள் நீங்கள்தானே.

என் மாமியார் அடுப்பைக்கூட அணைக்கவில்லை. ரேஷன் கார்டும் பட்டாவும் இருக்கிற மஞ்சள் பையைக் கையில் பிடித்து, பேரனை இடுப்பில் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போய்விட்டார். அதுகூடப் பரவாயில்லை. பக்கத்து வீட்டுப் பெண், தொழிலுக்குப் போயிருந்த கணவருக்குப் போன் போட்டு, “சீக்கிரம் கரைக்கு வந்துடுங்க” என்று அழுதாள். அவரும் விரித்த வலையைப் பாதியில் வெட்டிவிட்டு ஃபைபர் போட்டைத் திருப்பினார். வலையும் போச்சு, டீசலும் போச்சு. நிஜமாகவே சுனாமி வந்திருந்தால், அவர் கரைக்கு வந்ததுதான் ஆபத்து. ஆழ்கடலில் அந்த அலை படகுக்குத் தெரியக்கூடத் தெரியாது, கரையை நெருங்கும்போதுதான் எழும்பும். இதை ஒரு தடவையாவது பட்டையில் ஓட்டியிருக்கிறீர்களா?

கம்சட்காவை ஒட்டி இருப்பது பசிபிக் பெருங்கடலின் அகழி, அதாவது கடலடியில் இருக்கிற ஆழமான நீளப் பள்ளம். பூமியின் மேலோட்டுத் தட்டு ஒன்று இன்னொன்றின் அடியில் நுழைகிற இடம். பல வருடம் சிக்கி நிற்கிற தட்டு திடீரென்று விடுபடும்போது கடல்தரை எழும்பி, மேலே நிற்கிற மொத்தத் தண்ணீரையும் தூக்கிவிடுகிறது. அந்த அலை ஜப்பானுக்கும் ஹவாய்க்கும் போகும். நம் பக்கம் திரும்பினால் இந்தோனேசியத் தீவுகள் குறுக்கே கிடக்கின்றன. இந்தியக் கரைகளுக்குக் கவலை தருகிற இடங்கள் இரண்டுதான். ஒன்று பாகிஸ்தான், ஈரான் கரையை ஒட்டிய கடலில் இருக்கிற மக்ரான் பகுதி. 1945இல் மேற்குக் கரைக்குச் சுனாமி அங்கிருந்துதான் வந்தது. இன்னொன்று அந்தமானிலிருந்து சுமத்ரா, ஜாவா வரை போகிற அகழி. 2004இல் சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு விடுபட்டது இந்தப் பகுதிதான்.

அந்தப் பக்கத்திலேயே 2012 ஏப்ரல் 11 அன்று 8.6 நிலநடுக்கம் வந்தது. அகழிக்கு மேற்கே, தட்டுக்குள் பாறை மேலே எழும்பாமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய சுனாமி எழவில்லை. ஆக, வெறும் எண்ணை மட்டும் பெரிதாகப் போட்டால் எங்களுக்கு என்ன புரியும்?

இதையெல்லாம் கணக்குப் பார்த்துச் சொல்லத்தான் 2007 முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. எந்தக் கரைக்கு ஆபத்து, எதற்கு இல்லை என்று நிமிடக் கணக்கில் அறிவித்துவிடுகிறார்கள். கம்சட்கா அன்றும் இந்தியாவுக்கு ஆபத்தில்லை என்றுதான் சொன்னார்கள். நாங்கள் பார்த்த பட்டையில் அதற்கு இடமில்லை. மெரினாவை அலை விழுங்குகிற கிராபிக்ஸுக்கு இடம் இருக்கிறது. விவாத மேஜையில் ஜோசியருக்கு நாற்காலி இருக்கிறது. 2004 டிசம்பர் 30 அன்று டெல்லி தவறான எச்சரிக்கை விட்டு, செத்தவர்களைப் புதைத்து முடிக்காத ஜனங்களை மறுபடி ஓடவிட்டது. சரி, அன்றைக்கு இந்த மையம் இல்லை. இன்றைக்கு உங்களுக்கு என்ன சாக்கு? ‘முதலில் தந்தது நாங்கள்’ என்று போட்டுக்கொள்கிறீர்களே, முதலில் ரோட்டுக்கு ஓடியது என் மாமியார், அதையும் சேர்த்துப் போடுங்கள்.

மன்னிக்கவும், கோபத்தில் எங்கோ போய்விட்டேன். கேட்க வந்தது இதுதான். ‘சுனாமி’ என்று எழுதும்போது அதே வரியில் எந்தக் கடல் என்றும், தமிழகத்துக்கு ஆபத்து உண்டா இல்லையா என்று ஹைதராபாத் மையம் சொன்னதையும் போடுங்கள். அவர்கள் அறிவிப்பு இன்னும் வரவில்லை என்றால் அதையாவது போடுங்கள்.

என் வீட்டுக்காரர் இப்போதெல்லாம் பட்டையைப் பார்த்துவிட்டு எழுந்திருப்பதே இல்லை, “வேற வேலை இல்லை இவங்களுக்கு” என்று திரும்பிப் படுத்துக்கொள்கிறார். சுமத்ராவில் மறுபடி ஆட்டம் கண்டால் எங்கள் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவரை எழுப்ப அது போதும், அவர் உங்களை நம்பினால். தயவுசெய்து அந்த ஒரு வரியை முதலில் போடுங்கள். கிராபிக்ஸை அப்புறம் ஓட்டிக்கொள்ளுங்கள், நாங்களும் உட்கார்ந்து பார்க்கிறோம்.

இப்படிக்கு,
நாகை மாவட்டத்திலிருந்து ஒரு மீனவக் குடும்பத்துப் பெண்